பதினோரு முட்டையும் ஒற்றை பல்பும்

எங்கள் குடிசையில் ஒரே ஒரு பல்பு. குடிசைகளுக்கென்று அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த இணைப்பு. நாற்பது வாட்ஸ் பல்பு ஒன்று எரியலாம், பிளக் கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடையில் அந்தப் பல்பைக் கோழி முட்டைகளுக்குக் கொடுத்துவிட்டு, நானும் என் மனைவியும் பதினாறு நாள் சிம்னி விளக்கில் காலம் தள்ளினோம்.

அப்போது செவிலிமேட்டில், பாலாற்றைப் பார்த்த கடைசித் தெருவில் குடியிருந்தோம். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து நான் ஓரிடத்தில் நின்றவனில்லை. லாரி கிளீனர், பல்லடத்தில் குஞ்சு பொரிக்கும் பண்ணை, நாக்பூர் பக்கம் கல் உடைக்கிற வேலை, பிறகு போர்வெல் போடுகிற வண்டி. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நான் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருஷம் தேறாது. அவள் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தறிக்காரர் வீட்டில் தறியில் குறுக்கே ஓடுகிற ஊடைப்பட்டு இழையை ராட்டினத்தில் சுற்றப் போவாள். காலை எட்டு மணிக்குப் போனால் பொழுது சாயத்தான் வருவாள்.

அவளிடம் ஒரு கோழி இருந்தது. கழுத்தில் ஒரு ரோமம்கூட இல்லாமல் சிவப்பாகத் தெரியும் மொட்டைக்கழுத்துக் கோழி. கல்யாணத்தன்று முசரவாக்கத்திலிருந்து அவள் அம்மா கூடையில் கட்டிக் கொடுத்த இரண்டு குஞ்சுகளின் வழி வந்தது. அடுத்த வருஷமே அம்மா போய்ச் சேர்ந்தாள். மண்வீட்டை அண்ணன்மார் பிரித்துக்கொண்டார்கள். இவளுக்கு என்று வந்தது கோழி வழிதான். அந்தக் கோடையில் வெள்ளைக்கழிச்சல் வந்து தெருவில் இருந்த கோழிகளையெல்லாம் வாரிக்கொண்டு போனது. இவளுடையதில் இந்த ஒன்று மட்டும் தப்பி, மூலையில் பதினோரு முட்டைகள்மேல் அடை உட்கார்ந்திருந்தது.

அடை உட்கார்ந்த ஆறாம் நாள், தறிக்கு விடுமுறையான அமாவாசை காலையில், இரை பொறுக்க வெளியே வந்த கோழியை நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. நான் கல்லெடுத்துக்கொண்டு ஆற்று மணல்வரை ஓடினேன். இறகுதான் கிடைத்தது. திரும்பி வந்து பார்த்தால் அவள் பதினோரு முட்டைகளையும் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"பக்கத்துல யாரு ஊட்லயாவது அடைக்கோழி இருக்குதா?" என்று கேட்டேன்.

"தெருவுல கோழியே இல்ல. அடைக்கோழிக்கு எங்க போறது."

நான் பல்லடத்தில் எட்டு மாதம் இருந்ததைச் சொன்னேன். இருபத்தொரு நாள், நூறு டிகிரி, பக்கத்தில் தண்ணீர், முட்டையைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே தட்டு அடுக்குவதும் ஓடு கூட்டுவதும்தான் என் வேலை. மற்றதை மிஷினே பார்த்துக்கொள்ளும். அதை அவளிடம் சொல்லவில்லை.

மருந்துக் கடையில் ஒரு தெர்மாகோல் பெட்டி கேட்டு வாங்கினேன். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கினேன். கூரையில் தொங்கிய ஹோல்டரில் ஒயரை நீட்டி, பல்பைப் பெட்டிக்குள் இறக்கினேன். அடியில் உமி, ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், காற்றுக்கு நாலு ஓட்டை. மத்தியானத்துக்குள் முட்டைகள் உள்ளே போய்விட்டன. எந்தப் பக்கம் திருப்பினோம் என்று தெரிய, ஒவ்வொரு முட்டையின் ஒரு பக்கத்திலும் அவள் குங்குமத்தால் பொட்டு வைத்தாள்.

"பொட்டு மேல இருந்தா காலைல. கீழ இருந்தா சாயங்காலம்."

"மத்தியானத்துக்கு?"

"மத்தியானம் யாரு இருக்கப் போறாங்க? நீதான் வெள்ளிக்கெழமை வண்டி ஏறப் போறியே."

உண்மைதான். போர் வண்டிக்காரர் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டிருந்தார்: வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் ஏற்றிக்கொள்வார்கள், மத்தியப் பிரதேசம், மூன்று மாதம்.

"அடுத்த வண்டில போறேன்" என்றேன்.

"முட்டைக்காகவா?"

"முட்டைக்காகத்தான்."

அவள் மீந்திருந்த உமியை முறத்தில் வாரிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை வண்டி போனது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். பகலெல்லாம் வீட்டில் கிடக்கிற ஆம்பளையைப் பார்க்க எங்கள் தெருவுக்கு அது முதல் தடவை. பக்கத்து வீட்டு அக்கா, கழிச்சலில் ஒன்பது கோழியைப் பறிகொடுத்தவள், வாசலில் வந்து நின்று எட்டிப் பார்த்தாள்.

"இன்னாபா, அடை ஒக்காந்துக்கினு இருக்கியா?"

"ஆமாங்க்கா."

"எந்திரிக்காத. சூடு போயிடும். ரெண்டு வாய் அரிசி வேணா கொண்டாந்து எறைக்கட்டா?"

அன்றிலிருந்து தெருவில் எனக்கு அடைக்கோழி என்று பேர். டவுன் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூட, "அடைக்கோழி இன்னிக்கு வெளிய வந்துட்டுதே" என்றார்கள். இதைவிட மோசமான பேர்களெல்லாம் கேட்டவன் நான். போகட்டும் என்று விட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் வெயில் கொளுத்தியது. பெட்டிக்குள் கிடந்த தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்தால் நூற்று நாலு. பல்பை அணைத்தேன். அரைமணி கழித்துப் பார்த்தேன், நூற்று நாலு. மூடியைத் திறந்து வைத்தேன். நூற்று நாலு. விசிறி எடுத்து விசிறினேன். நாலு மணிக்கு மேல் மேற்கே கறுத்து, காற்றடித்து, நல்ல கோடை மழை பிடித்தது. கூரை ஒழுகி, நானே தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டேன். அப்போதும் அது நூற்று நாலிலேயே நின்றது. முட்டைகள் உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கின்றன என்று நினைத்து, மூடியை மொத்தமாக எடுத்துப் போட்டுவிட்டுக் காற்றுப்படும்படி வைத்தேன்.

நனைந்தபடி வந்தவள் தலையைக்கூடத் துவட்டாமல் ஒரு முட்டையை எடுத்துக் கன்னத்தில் வைத்தாள்.

"ஐஸு மாதிரி இருக்குது. பல்ப ஏன் நிறுத்தின?"

நான் தெர்மாமீட்டரைக் காட்டினேன். "நீயே பாரு. நூத்தி நாலு. எறங்கவே மாட்டேங்குது."

அதை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஒதறினியா?"

"எதுக்கு ஒதறணும்?"

"ஒதறினாத்தான் எறங்கும். ஏறினது ஏறின எடத்துலயே நிக்கும் அது." மணிக்கட்டைச் சுண்டி நாலு தடவை உதறினாள். பாதரசம் அடிக்குப் போனது. "போன வருசம் எனக்கு டைபாய்டு வந்து ஆஸ்பத்திரில கெடந்தேனே, நர்சம்மா ஒவ்வொரு வாட்டியும் ஒதறி ஒதறித்தான் வாயில வெச்சாங்க. பன்னெண்டு நாளு. நீ நாக்பூர்ல இருந்த. உனக்கு எப்பிடித் தெரியும்."

குத்திக்காட்டுகிற குரலில் சொல்லவில்லை. தெரியாதவனுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். டைபாய்டு என்று கடிதத்தில் படித்திருந்தேன். பன்னிரண்டு நாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பல்பைப் போட்டோம். சூடு ஏறும்வரை அவள் ஆறு முட்டைகளையும் நான் ஐந்தையும் கைக்குள் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுப்பு மூட்ட யாருக்கும் கை இல்லை. பக்கத்து வீட்டு அக்கா மழைக்கு ஒதுங்குகிறவள்போல வந்து பார்த்துவிட்டு, கேலி ஒன்றும் செய்யாமல் ஒரு சட்டி குழம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

முட்டைக்குள் உயிர் இருக்கிறதா என்று பார்க்க இன்னும் மூன்று நாள் காத்திருப்போம் என்றேன். அந்த மூன்று நாளும் அவள் வேலைக்குப் போகிறபோது, "ஒதறு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மணிக்கொருதரம் உதறினேன். மத்தியானம் பல்பை நிறுத்தி, மூடிக்கு அடியில் தீப்பெட்டி வைத்து இடைவெளி விட்டு, வெயில் தாழ்ந்ததும் மறுபடி போட்டேன். ஒரு நாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. குளுக்கோஸ் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றிச் சாக்கில் சுற்றி உள்ளே வைத்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அட்டையில் ஓட்டை போட்டுப் பல்புக்கு முன்னால் பிடித்து, ஒவ்வொரு முட்டையாக வைத்தேன். பட்டு இழையில் முடிச்சு பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. முதல் இரண்டும் காலி; வெளிச்சம் அப்படியே வந்தது. மூன்றாவதில் சிவப்பாக ஒரு வளையம் மட்டும்; செத்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நாலாவதை நான் வைத்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஆட்டாத. இழ ஓடுது பாரு."

மெல்லிய சிவப்பு நரம்புகள். நடுவில் ஒரு புள்ளி, அசைந்தது. அதன்பின் ஏழு முட்டைகளில் அப்படியே இருந்தது. எட்டும் உயிரோடு இருந்தன.

பதினெட்டாம் நாளோடு திருப்புவதை நிறுத்தினோம். இருபத்தொன்றாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மழையில் குளிர்ந்ததற்கு ஒரு நாள் பிந்தியிருக்கலாம் என்றேன். அவள் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. மறுநாள் காலையில் பெட்டியில் காதை வைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கத்துது" என்றாள். அன்றைக்குத் தறிக்காரர் வீட்டுக்குப் போகவில்லை. எனக்குத் தெரிந்து அவள் வேலைக்கு மட்டம் போட்டது அது ஒன்றுதான். மத்தியானத்துக்குள் நாலு பொரிந்தன. ஒன்று ஓட்டை உடைத்துவிட்டு வெளியே வர முடியாமல் செத்தது. மூன்று உடையவேயில்லை. நாலில் மூன்று சாதாரணக் குஞ்சுகள். நாலாவது ஈரம் காய்ந்ததும் கழுத்து மட்டும் வெறுமையாக, ரோஸ் நிறத்தில் நீட்டிக்கொண்டு நின்றது.

அவள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "எங்கம்மா ஊட்டுது" என்றாள். உடனே, "பொட்டையா இருக்கணும்" என்றாள். "சேவலா இருந்தா வழி நின்னுபூடும்."

குஞ்சில் அதெல்லாம் தெரியாது. இரண்டு மாதம் ஆக வேண்டும். அடுத்த போர் வண்டி வந்து போனது. நான் ஓரிக்கையில் ஒரு வீடு கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலைக்குப் போய் வந்தேன். குஞ்சுகளில் ஒன்றைக் காக்கா தூக்கியது; மொட்டைக்கழுத்து இல்லை. மற்ற இரண்டுக்கும் கொண்டை சிவந்து, விடியும்போது கூவுகிறோம் என்று தொண்டை கட்டியதுபோல ஒரு சத்தம் எழுப்ப ஆரம்பித்தன. மொட்டைக்கழுத்து சத்தம் போடவில்லை. அவள் தினமும் காலையில் முதல் வேலையாக அதன் தலையைத்தான் பார்ப்பாள். எனக்கும் அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா அதைப் பிடித்து, கொண்டையைத் தடவி, காலைத் திருப்பி, வாலை விரித்துப் பார்த்தாள்.

"பொட்டைதான். இதுல இன்னா சந்தேகம். எனக்கு ரெண்டு முட்ட தர்ணும், இப்பவே சொல்லிட்டேன்."

என் மனைவி அதை வாங்கிக் கீழே விட்டாள். அது இறக்கையை உதறிக்கொண்டு குப்பைமேட்டைக் கிளறப் போனது.

"வண்டிக்காரருக்குப் போன் போட்டியா?" என்றாள்.

"இன்னும் இல்ல."

"போடு. இனிமே நீ போலாம்."

பூத்துக்குப் போய்ப் போன் செய்தேன். புதன்கிழமையே ஒரு வண்டி இருக்கிறது என்றார்கள். அதை விட்டுவிட்டேன். பத்து நாள் கழித்து வந்த வண்டியில்தான் போனேன்.