பாலத்துக்குப் போடாத பகடை

மூக்குக்கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடமாக அவர் பார்க்கும் வேலையில் பாதி, கேள்வி கேட்பதுதான். கண் பரிசோதனைக்கு வருபவரை உட்காரவைத்து, கனத்த சோதனைச் சட்டத்தை மூக்கில் ஏற்றி, ஒவ்வொரு லென்ஸாகச் செருகிக் கேட்பார்: "இது தெளிவா இருக்கா, முன்னாடி வெச்சது தெளிவா இருந்துச்சா?" பதிலுக்கு அவசரப்படுத்த மாட்டார். பலரும் தங்களுக்குத் தெரிவதைச் சொல்வதில்லை, தெரிந்தால் தேவலை என்று நினைப்பதைச் சொல்கிறார்கள் என்பது அவர் அனுபவம். அதனால் ஒரு லென்ஸைக் கழற்றுவது போலக் கழற்றி, அதையே திரும்பச் செருகி, "இப்போ?" என்பார். "ஆங், இப்பதான் பளிச்சுனு இருக்கு" என்று பதில் வந்தால் ஆள் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார் என்று அர்த்தம். பேசாமல் முதலிலிருந்து தொடங்குவார்.

எல்லோரும் அவரைக் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு மேல் அவர் வேறு ஆள். நாலு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, இல்லாத ஓர் உலகத்தில் நடமாடும் விளையாட்டை அவர் நடத்தினார். மூன்று பேருக்கு ஆளுக்கொரு பாத்திரம். தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். அதனால் என்ன நடக்கிறது என்று இவர் சொல்வார். சந்தேகமான இடத்தில் இருபது முகப் பகடை தீர்ப்பு சொல்லும். அவருடன் ஒரே வீட்டில் இருக்கும் அக்காவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. "பொண்ணு வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றது? மாப்பிள்ளை வாரநாள்ல கண்ணாடி மாட்டுவான், ஞாயித்துக்கிழமை டிராகன் மேய்ப்பான்னா?" என்று கேட்டுக் கேட்டு, பெண் பார்க்கும் வயதே கடந்துபோனது.

ஆட்டம் நடந்தது ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில், நாலாவது மாடியில். பல் டாக்டரம்மாவே ஆட்டத்தில் மந்திரக்காரியாக இருந்ததால் இடம் இலவசம். அலமாரியில் நோயாளிகளின் பல் அச்சுகள், வெள்ளைச் சுண்ணாம்பில், வரிசையாக இருக்கும். பூதம் தேவைப்பட்டால் ஒரு மேல்தாடை, பூதக் கூட்டம் என்றால் ஏழெட்டு. இரண்டாவது ஆட்டக்காரர் நகரப் பேருந்து ஓட்டுபவர். மூன்றாவது, லிஃப்ட் பழுது பார்ப்பவர். அவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன், கண்ணாடி உலகங்களைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைச் சொல்லிவிடலாம். இந்த ஆட்டத்துக்கென்று விற்கும் புத்தகங்களுக்கு அளவில்லை. விதிகளுக்கு ஒன்று, உலகத்துக்கு ஒன்று, பிறகு அந்த உலகத்தின் சதுப்பு நிலத்துக்கு, சுரங்கத்துக்கு, குளிர்காலத்துக்கு என்று தனித்தனியாகத் துணைப் புத்தகங்கள். அவர் கறாரானவர். ஒரு உலகத்துக்கு ஒரு மூலநூல், இரண்டு துணைநூல். அதற்கு மேல் வாங்கினால் கதை பருக்காது, புத்தக அலமாரிதான் பருக்கும் என்பார். வரைபடத்தின் ஓரத்தில் கதை எங்கே முடிய வேண்டும் என்பதையும் முதல் நாளே பென்சிலால் குறித்துவிடுவார். நன்றாக இருக்கிறது என்று அவர் ஒப்புக்கொண்ட உலகங்கள் இரண்டே இரண்டு. இரண்டாவதில்தான் லிஃப்ட்காரர் செத்துப்போனார்.

லிஃப்ட்காரரின் பாத்திரத்துக்குத் துருப்பிடிச்சான் என்று பெயர். கூலிக்குச் சண்டை போடுபவன். கையில் ஒரு துருப்பிடித்த வாள். வழியில் எத்தனையோ மந்திர வாள்கள் கிடைத்தும் அவன் அதை மாற்றவில்லை. அவன் பேசும்போதெல்லாம் லிஃப்ட்காரர் முதலில் தொண்டையைச் செருமுவார், பிறகு மூக்கால், "இது யோசிக்க வேண்டிய விஷயம்" என்பார். அதன்பின் கொஞ்சமும் யோசிக்காமல் போய் மாட்டிக்கொள்வான் துருப்பிடிச்சான்.

அந்தக் கட்டடத்து லிஃப்டில் ஒரு கோளாறு. யாரும் கூப்பிடாமலேயே நாலாவது மாடியில் வந்து நின்று, கதவைத் திறந்து, வெறுமையைக் காட்டி, மூடிக்கொண்டு போகும். டிரைவர் உடனே, "யோவ், உன் ஆளு வந்துட்டான்யா" என்பார். எப்போது சரிசெய்யப் போகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்பார். லிஃப்ட்காரர் தன் பாத்திரக் குறிப்புச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், அதே மூக்குக் குரலில், "நாளைக்கு" என்பார். மூன்று வருடமாக நாளைக்கு.

கடைசியாக அவர் வந்த ஞாயிறு, துருப்பிடிச்சான் ஒரு கயிற்றுப் பாலத்தின் நடுவில் நின்றான். பின்னால் கயிறு அறுபடுகிறது. பதினொன்றோ அதற்கு மேலோ விழுந்தால் அக்கரை. குறைந்தால் கீழே பனிமூட்டம். பகடையைக் கையில் எடுத்த நேரத்தில் அவருக்கு வேலையிலிருந்து போன். எங்கோ லிஃப்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாம்.

"இரு, போட்டுட்டுப் போ. ஒரு செகண்டு" என்றார் டிரைவர்.

"அவசரத்துல போட்டா சரியா விழாது. அடுத்த வாரம் வந்து போடறேன்" என்று தன் பச்சைப் பகடையைக் கருவிப்பையில் போட்டுக்கொண்டு போனார். புதன்கிழமை மதியம், ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி இயந்திர அறையில், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்தபடி இறந்துகிடந்தார். மாரடைப்பு.

அந்த மேசையில் ஒரே ஒரு விதியை யாரும் மீறியதில்லை. ஒருவர் பகடையை இன்னொருவர் தொடக் கூடாது. யாராவது வரவில்லை என்றால், அவருடைய பகடைக்காகக் கதை காத்திருக்கும். இந்த முறை எதற்குக் காத்திருப்பது என்று தெரியாமல் மூன்று வாரம் யாரும் கூடவில்லை. நாலாவது வாரம் கூடினார்கள். பிறகு டிரைவர் பல் அச்சு ஒன்றை உருட்டிக்கொண்டே, "அவன் என்ன பண்றான் இப்போ?" என்று கேட்டார்.

கண்ணாடி தொண்டையைச் செருமினார். செருமியதும்தான் அது தன்னுடைய செருமல் இல்லை என்று தெரிந்தது. "இது யோசிக்க வேண்டிய விஷயம்" என்று மூக்கால் ஒரு குரல் வந்தது. "பாலத்தைத் தாண்டியாச்சு. பசிக்குது. சீக்கிரம் வாங்க."

டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். டிரைவர் சிரித்தார், சிரித்தபடியே எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

பாலத்துக்குப் பகடை போடவில்லை என்று அன்று யாரும் சொல்லவில்லை.

பதினான்கு மாதம் துருப்பிடிச்சான் அந்தக் குரலில் வாழ்ந்தான். சண்டைகளில் அவனுக்காகக் கண்ணாடி தன் முன்னால் நிறுத்திய மறைப்பு அட்டைக்குப் பின்னால் பகடை போடுவார். உருளும் சத்தம் கேட்கும். என்ன விழுந்தது என்று அவரே குனிந்து பார்ப்பதில்லை. "பொழைச்சுட்டான்" என்பார். பென்சிலால் குறித்த முடிவு நெருங்கியபோது சதுப்பு நிலத் துணைநூலை வாங்கினார். அது தீர்ந்ததும் சுரங்க நகரம். பிறகு குளிர்கால மலைகள். இரண்டுக்கு மேல் கூடாது என்றவர் வீட்டு அலமாரியில் ஒன்பது நின்றன. டாக்டரம்மா தன் செலவில் தீவுகளும் கப்பல்களுமாக ஒரு புது உலக நூலை வாங்கிவந்து மேசையில் வைத்தார்.

"புரட்டிப் பாத்தேன். காத்து பத்தின விதி எல்லாம் மேலோட்டமா இருக்கு" என்றார் கண்ணாடி.

"மூணு மாசமா புரட்டறீங்க."

"நீங்க மட்டும் கடல்ல குதிங்க டாக்டர். எனக்கு ஓட்டறதுக்கு ரோடு வேணும்" என்றார் டிரைவர். ஆனால் அவரும் கொட்டாவிதான் விட்டுக்கொண்டிருந்தார்.

புது உலகத்துக்குத் துருப்பிடிச்சான் வர முடியாது. அதை மூன்று பேரும் அறிவார்கள்.

ஒரு ஞாயிறு லிஃப்ட் வந்து நின்று கதவு திறந்தது. யாரும் நிமிரவில்லை, அந்தக் கேலியை அவர்கள் விட்டு வெகுநாளாகியிருந்தது. இந்த முறை உள்ளே ஆள் இருந்தது. லிஃப்ட்காரரின் மனைவி. கணவர் இரவல் வாங்கிய ஒரு துணைநூலைத் திருப்பித்தர வந்திருந்தார். அவருக்கு அச்சகத்தில் புத்தகக் கட்டு வேலை. கிழிந்திருந்த அட்டையைத் தானே ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். கணவர் உயிரோடு இருந்தவரை இந்த ஆட்டம் என்றாலே அவருக்கு ஆகாது. கதவருகே நின்றவர் காதில் அந்தச் செருமல் விழுந்தது, பிறகு குரல். அவர் மெதுவாக வந்து காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்ததும். ஆடமாட்டார், பேசமாட்டார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார். கண்ணாடிக்கு இப்போது நிறுத்துவது பற்றி நினைக்கவே முடியவில்லை. ஒரு பெண் தன் கணவரின் குரலைக் கேட்க வாரம் தவறாமல் வருகிறார். அதைத் தன் தொண்டையில் வைத்திருப்பவன் எப்படி நிறுத்துவது? வாரநாட்களில்கூட அந்தக் குரலைப் பழகினார். லென்ஸின் விளிம்பைத் தேய்க்கும் சத்தத்துக்கு நடுவே செருமிக்கொள்வார். வீட்டில் ஒரு நாள் அக்கா, "யாரு உள்ள?" என்று கேட்டுக்கொண்டு வந்து, அவர் தனியாக இருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஒரு வியாழக்கிழமை காலை லிஃப்ட்காரரின் மனைவி கடைக்கு வந்தார். கிட்டத்து எழுத்து தெரியவில்லை என்றார். கண்ணாடி அவரை உட்காரவைத்துச் சட்டத்தை மாட்டினார்.

"இது தெளிவா இருக்காம்மா, முன்னாடி வெச்சதா?"

"ரெண்டும் ஒண்ணுதானேண்ணா. நீங்க மாத்தவே இல்லையே."

கண்ணாடிக்குச் சிரிப்பு வந்தது. இத்தனை வருடத்தில் அப்படிச் சொன்னவர்கள் ஐந்தாறு பேர் இருந்தால் அதிகம். அடுத்த லென்ஸை எடுக்கப் போனபோது அவர், "அண்ணா, ஒண்ணு கேக்கவா?" என்றார். சோதனைச் சட்டத்துக்குப் பின்னால் அவருடைய ஒரு கண் மூடப்பட்டிருந்தது, ஒரு கண் பெரிதாகத் தெரிந்தது.

"கேளும்மா."

"அவரு அவ்வளவு நல்லவரு இல்லண்ணா. நீங்க பேசறப்போ ரொம்ப நல்லவரா இருக்காரு. சட்டுனு சிரிக்கறாரு, யாரையும் குத்திப் பேசறதில்ல. வீட்டுல அப்படி இல்ல. சோத்துல கைய வெச்சுட்டு அரை மணி நேரம் என்னைய வம்புக்கு இழுப்பாரு."

"எனக்குத் தெரிஞ்ச அளவுதானே நான்…"

"நான் குறையா சொல்லல. மொதல்ல கேக்கணும்னுதான் வந்தேன். ஓடி ஓடி வந்தேன். இப்போ என்னன்னா, வேலையில உக்காந்து நூல் கோத்துட்டே அவரு பேசினத நெனச்சுப் பாப்பேன். சண்டை போட்டது, கொழுப்பெடுத்துப் பேசினது எல்லாம் ஞாபகம் இருக்கு. ஆனா சொன்ன வார்த்தை எல்லாம் உங்க குரல்லதான் கேக்குது. ஒரு மாசமா அப்படித்தான். அவரோட குரல் எனக்கு வரவே மாட்டேங்குது."

கண்ணாடி கையிலிருந்த லென்ஸைத் துணியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"அந்தக் கடைசி ஞாயித்துக்கிழமை மட்டும்தான் என்கிட்ட ஆட்டத்தப் பத்தி சொன்னாரு" என்றார் அவர். "பாலத்துல நிக்கிறேன், அடுத்த வாரம் விழுந்தாலும் விழுவேன்னாரு. விழுந்தா விழுங்க, ஞாயித்துக்கிழமையாவது வீட்டுல இருப்பீங்கன்னேன். அந்தப் பாலத்துல என்னண்ணா ஆச்சு?"

"பகடை போடலம்மா" என்றார் கண்ணாடி. பதினான்கு மாதத்தில் அதை முதல்முறையாகச் சொன்னார்.

அந்த ஞாயிறு அவர் மறைப்பு அட்டையைக் கொண்டுவரவில்லை. ஒன்பது துணைநூல்களில் ஒன்றைக்கூட. வரைபடத்தை விரித்து, பாலம் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கதான் நிக்கிறான். இன்னும் தாண்டல."

டிரைவர் கண்ணைச் சுருக்கினார். "அப்போ அதுக்கப்புறம் நடந்ததெல்லாம்?"

"நடக்கல. நான் சொன்னேன், அவ்வளவுதான்."

"சுரங்கத்துல எனக்குக் கிடைச்ச கேடயம்?"

"போச்சு."

"ஏய், அதுக்கு நான் ஆறு வாரம் எலிக்கறி தின்னேன்யா."

"டிரைவர்" என்றார் டாக்டரம்மா தாழ்ந்த குரலில்.

லிஃப்ட்காரரின் மனைவி கைப்பையைத் திறந்து அந்தப் பச்சைப் பகடையை எடுத்தார். ஒரு முனை உடைந்திருந்தது. முகங்களின் பள்ளத்தில் இயந்திர எண்ணெய்க் கறை.

"அடுத்தவங்க பகடையை இன்னொருத்தர் போடக் கூடாதாமே" என்றார். "கருவிப்பையை எனக்குத்தான் குடுத்தாங்க. இது என்னோடது இப்போ."

யாரும் மறுக்கவில்லை. அவர் போட்டார். பகடை வரைபடத்தின் மடிப்பில் தடுக்கி, ஒரு கீழ்த்தாடையில் மோதி நின்றது. ஆறு.

எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முதல்முறையாகக் கண்ணாடியும் குனிந்து பார்த்தார்.

"விழறான்" என்றார்.

"என்ன சொல்லிட்டு விழறான்?" என்று கேட்டார் டிரைவர்.

கேட்டதும் அந்தக் குரல் வந்தது. தொண்டைக்குள் ஏறி, செருமலுக்கு முந்திய இடத்தில் நின்றது. ஒரே ஒரு வார்த்தை விட்டால் போதும், அந்த அறையில் அவன் இன்னொரு முறை இருப்பான். கண்ணாடி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எதிரில் அந்தப் பெண் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கிறாரா, வேண்டாம் என்கிறாரா என்று அந்த முகத்தில் படிக்க முடியவில்லை. அந்தக் குரலைக் கண்ணாடி விழுங்கினார். விழுங்குவது வலித்தது.

"ஒண்ணும் சொல்லல" என்றார், தன் சொந்தக் குரலில். "கீழ பனிமூட்டம். சத்தம் எதுவும் கேக்கல."

டாக்டரம்மா தீவுகளின் புத்தகத்தை மேசை நடுவே நகர்த்தினார். யாரும் அதைத் திறக்கவில்லை. அப்போதுதான் வெளியே லிஃப்ட் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே விளக்கு, எஃகுச் சுவர், வேறெதுவும் இல்லை.

"உன் ஆளு வந்துட்டான்யா" என்றார் டிரைவர். பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

லிஃப்ட்காரரின் மனைவி எழுந்து பையைத் தோளில் மாட்டினார். "இதச் சரி பண்ணச் சொல்லி நீங்க எத்தன வருஷமா கேட்டீங்க?"

"மூணு" என்றார் டாக்டரம்மா.

"என்ன சொல்வாரு?"

அவர் லிஃப்டுக்குள் போய் நின்று திரும்பினார்.

"நாளைக்கு" என்று சொல்லிப் பார்த்தார். தலையை ஆட்டினார். "இல்ல. இப்படி இல்ல. இன்னும் கொஞ்சம் மூக்கால." கண்ணை மூடிக்கொண்டு மறுபடி சொன்னார். "நாளைக்கு."

கிட்டத்தில் வந்திருந்தது. முழுதாக இல்லை. எந்த இடத்தில் பிசகுகிறது என்று கண்ணாடிக்குத் துல்லியமாகத் தெரிந்தது. கடைசி எழுத்தை லிஃப்ட்காரர் விழுங்கிவிடுவார். கதவு மூடத் தொடங்கியது. உள்ளே அவர் மூன்றாம் முறை சொல்லிப் பார்க்கும் உதடுகள் தெரிந்தன. லிஃப்ட் இறங்கி, கீழே நிற்கும் சத்தம் கேட்கும்வரை கண்ணாடி வாயைத் திறக்கவில்லை.