ஒரே வால்வின் எக்ஸ்ரே

தொண்ணூறுகளில், கோவை ஃபவுண்டரி ஒன்றுக்கு பாய்லர் வால்வுகளைச் சோதிக்கப் போயிருந்தேன். அதன் மேலாளர் பேசும்போதெல்லாம் தன் வெள்ளைச் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

வால்வுக்கு ஒன்றாக எக்ஸ்ரே படங்களை நீட்டினார். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் கடுகளவு குமிழி, விதிப்படி அது பரவாயில்லை. ஆனால் தேறக்கூடிய வால்வு ஒன்றையே திரும்பத் திரும்பப் படம் பிடித்திருக்கிறார்.

கேட்டேன்.

"எல்லாம் ஒரே அச்சுல ஊத்துனதுங்க. ஒன்னையப் பாத்தாப் போதாதுங்களா?"

மற்றவற்றில் எதற்குள் எவ்வளவு பெரிய ஓட்டையோ, நீராவி அழுத்தத்தில் எது வெடிக்குமோ.

"உங்க நெஞ்சு எக்ஸ்ரேயை உங்க தம்பியோடதுன்னு டாக்டர்கிட்ட காட்டுவீங்களா?"

"அது உசுருங்க. இது இரும்புதானுங்களே" என்றவர், டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "காப்பி ஆறுதுங்க."

பாய்லரை ஒட்டி நாள் முழுக்க ஆள் நிற்பான் என்பது அவருக்குத் தெரியும். இன்றும் வெள்ளைச் சட்டையில் யாராவது தூசி தட்டினால், அவர் நீட்டும் காப்பியை நான் வாங்குவதில்லை.