பன்றிநாய் என்று நான் வைத்த பெயர்

டென்மார்க்கில், ஹோர்சன்ஸில் நான் வேலை செய்யும் களஞ்சியத்துக்கு நாலு வருசத்துக்கு முன் ஒரு ஜெர்மன்காரர் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். டேனிஷ் பெண்ணைக் கட்டி இங்கே குடிவந்தவர். பெட்டிகளைப் பிழையாக அடுக்கினால் பேசாமல் நின்று திருப்பி அடுக்கவைப்பார். அது பலருக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் காலை இடைவேளையில், அவர் இல்லாத நேரம், எல்லோரும் அவரைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் எழும்பி, குதிகால் இரண்டையும் சேர்த்து அடித்து, "ஷ்வைன்ஹுண்ட்!" என்று கத்தினேன்.

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட நாட்களில் கைமாறி வாசித்த ஆங்கிலப் போர்ச் சித்திரக்கதைகளில் ஜெர்மன் சிப்பாய்கள் கத்துகிற சொல் அது. பன்றியையும் நாயையும் ஒட்டிய வசவு. நான் அறிந்த முதல் ஜெர்மன் சொல்லும் அதுதான். மேசை முழுக்கச் சிரித்தது. அங்கே வேலை செய்த அத்தனை வருசத்தில் அந்த மேசையில் நான் சொல்லி எல்லோரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. அது எனக்கு இனித்தது.

ஒரு கிழமைக்குள் அதுவே அவர் பெயராகிவிட்டது. யாரோ அதைக் கடதாசியில் எழுதி அவருடைய அலுமாரிக் கதவில் ஒட்டினார்கள். அதைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு அவர் நேரே என்னிடம் வந்தார். டேனிஷில்தான் கதைத்தோம், என் நினைவில் அது தமிழில்தான் நிற்கிறது.

"இதை ஆர் தொடங்கினது எண்டு உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது" என்றேன்.

"எங்கட வீட்டில ஒருத்தரும் இப்பிடித் திட்டினதில்லை. முந்தி காட்டுப்பன்றி துரத்துற வேட்டைநாய்க்குச் சொன்ன பேர் எண்டு சொல்லுவினம். இப்ப, விடிய எழும்ப விடாத சோம்பலைத்தான் 'உள்ளுக்க இருக்கிற பன்றிநாய்' எண்டுவம். படத்தில வாற ஜெர்மன்காரர்தான் வாயைத் திறந்தால் இதைச் சொல்லுவினம். சின்னனில இஞ்ச, டென்மார்க் கடற்கரைக்கு விடுமுறைக்கு வந்தனாங்கள். பொடியள் என்னைச் சுத்தி நிண்டு இதைத்தான் கத்தினவங்கள்."

கடதாசியை நாலாக மடித்தார். "உம்மட்டை ஏன் கேட்டனான் எண்டால், உமக்கு இது விளங்கும்."

விளங்கும்தான். இக்காஸ்ட் என்ற ஊரில் என் முதல் தொழிற்சாலையில், நான் சாப்பாட்டறைக்குள் நுழைந்தால் இரண்டு பேர் நான் தமிழ் கதைப்பதுபோல நாக்கை உருட்டிக் காட்டுவார்கள். நானும் கூடச் சிரிப்பேன். சிரித்துவிட்டுக் கழிப்பறைக்குள் போய் நிற்பேன்.

இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்காமல் திரிந்தேன். மூன்றாம் நாள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் மறித்துச் சொன்னேன்.

"அந்தப் பேரைத் தொடங்கினது நான்தான்."

அவர் பூட்டைத் திறந்தபடி கேட்டார். "அப்ப ஏன் தெரியாது எண்டனீர்?"

"மன்னிச்சுக்கொள்ளும்" என்று மட்டும் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்தநாள் மேசையில், இனி அவரை அப்படிக் கூப்பிட வேண்டாம் என்றேன். "நீதானே தொடங்கினாய்!" என்று ஒருவன் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள்.

சில மாதங்களில் அந்தப் பெயர் மங்கிப்போனது. என்னால் அல்ல. ஒரு போலந்துக்காரர் புதிதாக வந்தார், மேசை அவர் பக்கம் திரும்பியது. அவரைப் போல ஒருவன் கதைத்துக் காட்டியபோது நான் சிரிக்கவில்லை. நிறுத்து என்று சொல்லவுமில்லை. பாணைக் கடித்தபடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.