நடுச் சரணம்

எங்கள் வீட்டில் புளி போட்டு வைத்திருக்கும் எவர்சில்வர் டப்பாவின் மூடியில் ஒரு கேசட் கம்பெனியின் பெயரும், அதன் கீழே கன்னடத்தில் ‘இருபதாம் ஆண்டு’ என்பதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. தேய்த்துத் தேய்த்துப் பெயர் பாதி போய்விட்டது, ஆண்டு மட்டும் நிற்கிறது. அந்தக் கம்பெனிக்கு ஆண்டு விழா என்றால் அப்படி ஒரு பைத்தியம். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை விழா வைத்து எங்களுக்கு ஏதாவது கொடுப்பார்கள். பத்தாம் ஆண்டுக்குக் குடை, பதினைந்துக்குச் சுவர்க்கடிகாரம் என்று பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் சேர்ந்த பிறகு வந்தது இந்த டப்பா. இருபத்தைந்துக்கு என்ன கொடுத்தார்கள் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஞாபகம் வரவில்லை. அன்று என் கண் வேறு எங்கோ இருந்தது.

பெங்களூரில் பீன்யாவில் இருந்த அந்த ஆலையில் கன்னடப் பாட்டுக் கேசட்டுகள் தயாராகும். அதில் எட்டுப் பெண்களுக்குக் கேட்பதுதான் வேலை. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு கேசட்டை எடுத்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் சரியாக இருக்கிறதா, கரகரக்கிறதா என்று பார்க்க வேண்டும். முழுதாகக் கேட்டால் ஒரு நாளைக்கு ஏழு எட்டுக்கு மேல் முடியாது. அதனால் ஒவ்வொரு பாட்டிலும் முதல் பகுதியைக் கேட்டுவிட்டு, நாடாவை ஓட்டி, கடைசிப் பகுதியைக் கேட்போம். தலையும் வாலும் சரியாக இருந்தால் பாட்டு சரி. எங்களுக்குள் இதற்குத் ‘தலை வால் பார்ப்பது’ என்று பெயர். ஆயிரம் பாட்டின் தலையும் வாலும் எங்களுக்கு அத்துப்படி. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் முழிப்போம். ஒரு பாட்டில் பெண் பார்க்க வருவார்கள், அடுத்த நிமிடமே தொட்டிலில் குழந்தை அழும். சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

என் பக்கத்து இருக்கையில் இருந்தவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். வீடு ஸ்ரீராம்புரத்தில், கணவருக்குக் கார்ப்பரேஷனில் வேலை. நான் ஒக்கலிபுரத்திலிருந்து வருவேன். எனக்கு முன்னால் ஏறுகிற நாட்களில் பஸ்ஸில் முந்தானையைப் போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பாள், அதற்காக யாரோடும் சண்டைக்கு நிற்பாள். என் பையனுக்கு டைபாய்டு வந்தபோது ஒன்பது நாள் என் பங்குக் கேசட்டுகளையும் சேர்த்து அவளே கேட்டுத் தீர்த்தாள். சூப்பர்வைசருக்குத் தெரியாது, தெரிந்தாலும் அவளிடம் அவர் பேச்சுக் கொடுக்கமாட்டார்.

அவள் பாடுவாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், தானாக வரும். கொஞ்சம் கனத்த குரல், ஆனால் ஒரு இடத்திலும் பிசகாது. டிரைவர் கண்ணாடியில் திரும்பிப் பார்ப்பார். கன்னடம் பேசுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு, படிக்கத்தான் வராது. வீட்டில் டேப் ரிக்கார்டர் கிடையாது. எட்டு மணி நேரம் காது வேலைக்குப் போய்விட்டு வந்திருக்கிறது, அதை வீட்டிலும் வேலை வாங்க வேண்டுமா என்பாள். ஆகையால் அவள் பஸ்ஸில் பாடியதெல்லாம் எங்கள் அறையில் கேட்டவைதான். தலையிலிருந்து நேராக வாலுக்குப் போகும். எங்களுக்கு அது வித்தியாசமாகவே தெரியாது.

கம்பெனியின் முதல் பாட்டைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். இசைத்தட்டுக் காலத்தில் அவர்கள் வெளியிட்ட முதல் கன்னடப் பாட்டு அது. ஒரு பெண் திருவிழாக் கடைக்குப் போய் வளையல் போட்டுக்கொண்டு வருகிறாள், அவ்வளவுதான் கதை. ரேடியோவில் யாரும் அதைப் போடுவதில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆண்டு விழாவுக்கும் புது அட்டை போட்டு அதை மறுபடி வெளியிடுவார்கள், நாங்களும் மறுபடி தலை வால் பார்ப்போம். இருபதாம் ஆண்டில் டப்பாவோடு ஆளுக்கு ஒரு கேசட்டும் கொடுத்தார்கள். அக்கா தன்னுடையதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். என் வீட்டில் டேப் ரிக்கார்டர் இருந்தது. நான் அந்தப் பாட்டை முழுதாக, மனப்பாடம் ஆகும்வரை கேட்டேன்.

வெள்ளி விழா வந்தது. முதல் பாட்டை வெளியாள் யாரும் பாட வேண்டாம், நம் ஆலையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி மேடையில் பாடட்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் கேட்டபோது இரண்டு பேர் எழுந்தோம், அக்காவும் நானும். நான் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு யாரும் என்னைப் பாடச் சொன்னதில்லை. அந்த மேடை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அன்று என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. பேக்கிங் ஹாலில் எல்லோர் முன்னாலும் பல்லவியை மட்டும் பாடச் சொன்னார்கள். நான் முதலில் பாடினேன், கைதட்டினார்கள். அடுத்து அக்கா பாடினாள். பேக்கிங் பெண்கள் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், ஆலைக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் பக்கத்தில் இருவரும் சாப்பிட்டு முடித்தோம். அக்கா கை கழுவிவிட்டு வந்து பாட்டை முதலிலிருந்து கடைசிவரை எனக்குப் பாடிக் காட்டினாள். பெண் கடைக்குக் கிளம்பினாள், அடுத்த வரியிலேயே கை நிறைய வளையலோடு வீட்டுக்குத் திரும்பினாள். நடுச் சரணம் இல்லவே இல்லை. அது இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது என்று அந்த நிமிடம் எனக்குப் புரிந்தது.

“ஏய், சரியா கீதா இல்லியா சொல்லு. மேடையில மானம் போவக்கூடாது” என்றாள்.

“சரியா இருக்குக்கா” என்றேன்.

இதற்கு நான் பலவிதமாகச் சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். வாத்தியக்காரர்கள் எடுத்துக் கொடுப்பார்கள் என்று நினைத்தேன், மணி அடித்துவிட்டது, சொல்ல நேரமில்லை. எதுவும் உண்மையில்லை. அவள் கொஞ்சம் தடுமாறட்டும், மற்றவளையே பாடச் சொல்லியிருக்கலாமோ என்று சூப்பர்வைசருக்கு ஒரு தடவை தோன்றட்டும் என்று ஆசைப்பட்டேன். கொஞ்சம்தான் ஆசைப்பட்டேன். பொறாமை அளவு பார்த்தா வேலை செய்கிறது?

ராஜாஜிநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. வெளியிலிருந்து வந்த கீபோர்டுக்காரருக்கும் தபலாக்காரருக்கும் அக்காவோடு ஒத்திகை பார்க்க நேரம் கிடைக்கவில்லை. பாட்டுத் தெரிந்தவர்கள்தானே என்று விட்டுவிட்டார்கள். மயில்கழுத்து நிறப் பட்டுப் புடவையில் அக்கா பல்லவியையும் முதல் சரணத்தையும் பாடியபோது மண்டபம் கப்சிப் என்று இருந்தது. கீபோர்டுக்காரர் இடையிசை வாசித்து நடுச் சரணத்துக்கு வந்தார். அதற்கு மெட்டு வேறு. அக்கா கடைசிச் சரணத்தை எடுத்தாள். அவர் ஒரு பக்கம் போக இவள் ஒரு பக்கம் போனாள். அவர் நிறுத்தி, தலையை ஆட்டி, மறுபடி வாசித்துக் காட்டினார். இவள் மறுபடி அதே கடைசிச் சரணத்தைப் பாடினாள். தப்பு வாசிக்கிறவரிடம்தான் என்று நினைத்து, இப்படி என்று கையைக் காட்டி அவருக்கே சொல்லியும் கொடுத்தாள். அப்போது பின்வரிசையிலிருந்து ஒருவர், “பளெ எல்லிந்த பந்தும்மா?” என்று கேட்டார். வளையல் எங்கிருந்து வந்ததம்மா என்று அர்த்தம், பாட்டில் அவள் இன்னும் கடையில் உட்காரவே இல்லையே. மண்டபமே சிரித்தது. அக்கா மைக்கைப் பிடித்தபடி எல்லோரையும் பார்த்தாள். இரண்டாவது வரிசையில் இருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து அவளுக்கு ஆலையில் ‘பளெ கள்ளி’ என்று பெயர். வளையல் திருடி. தினமும் சாயங்காலம் வாசலில் பெண்களின் பைகளைச் சோதித்து அனுப்புகிற இடத்தில் அந்தப் பெயர் எப்படி உறுத்தும் என்று சொன்னவர்கள் யோசிக்கவில்லை. அவர்களுக்கு அது விளையாட்டு. சோதிக்கிற அம்மாள், இன்று வளையல் எதுவும் இல்லையா என்று கேட்பாள். அக்கா பையை விரித்துக் காட்டுவாள். பஸ்ஸில் எனக்கு இடம் பிடிப்பதை அவள் விடவில்லை. ஜன்னலோரம் உட்காருவாள், வெளியே பார்த்துக்கொண்டு வருவாள், பாடமாட்டாள். மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ஒரு கார்மெண்ட்ஸில் சேர்ந்தாள். அதன் பிறகு எப்போதாவது கல்யாணம் காட்சியில் பார்த்துக்கொள்வோம். பையன் எப்படி இருக்கிறான் என்று முதலில் கேட்பாள். பாட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

கேசட் போய், ஆலையையும் மூடி எத்தனையோ வருடம் ஆகிறது. கம்பெனி மட்டும் ஒரு ஆபீசாகச் சுருங்கி, பாட்டுகளை யூடியூபில் போட்டுப் பிழைத்துக்கொண்டிருக்கிறது. இந்த வருடம் அவர்களுக்குப் பொன்விழா. அங்கே வேலை செய்யும் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். ஆலை மூடும்வரை இருந்தவள் என்பதால் என் நம்பர் அவர்களிடம் இருந்தது. வெள்ளி விழா வீடியோ கிடைத்திருக்கிறதாம், அதில் ஒரு அம்மா மாற்றி மாற்றிப் பாடுவது ரொம்ப க்யூட்டாக இருக்கிறதாம். பொன்விழாவுக்கு அதை வெளியிட ஆசை, அந்த அம்மா யார் என்று தெரியுமா, அவர்களிடம் சம்மதம் வாங்கித் தர முடியுமா என்று மரியாதையாகக் கேட்டாள். வீடியோவை வாட்ஸப்பில் அனுப்பியும் வைத்தாள்.

நான் அதைப் பார்த்தேன். கூட்டம் சிரிக்க ஆரம்பித்ததும் கேமரா மேடையிலிருந்து மெதுவாகத் திரும்பி வரிசை வரிசையாகப் போகிறது. இரண்டாவது வரிசையில் நான் இருக்கிறேன். தலையைக் குனியவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்க, எல்லோரையும்போலச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். இருபத்தைந்து வருடமாக எனக்கு நானே சொல்லி வந்த அந்தக் குனிந்த தலை எங்கேயும் இல்லை. அந்த அம்மாவை எனக்குத் தெரியாது என்று ஆபீஸ் பெண்ணிடம் சொல்லிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் கேட்காமலே வெளியிட்டுவிடுவார்களோ என்று பயம் வந்தது. மூன்றாம் நாள் காலை ஈஜிபுராவுக்குக் கிளம்பினேன்.

அக்கா இப்போது அங்கே மகளோடு ஒரு வாடகை வீட்டில், இரண்டாவது மாடியில் இருக்கிறாள். முட்டி வலியால் கீழே இறங்குவது குறைவு. மகள் வேலைக்குப் போயிருந்தாள். வந்த விஷயத்தைச் சொல்லி, போனை அவள் கையில் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தன் புடவையைப் பார்த்தாள். குரலைக் கேட்டு, “நல்லாத்தான பாடிக்கீறேன்” என்றாள். பிறகு சிரிப்புச் சத்தம் வந்தது. கேமரா திரும்பியது. போனை இன்னும் கிட்டே கொண்டுபோனாள்.

“இது நீயாடி?”

ஆமாம் என்றேன். எல்லாரும்தானே சிரித்தார்கள் என்று அவளே எனக்காகச் சொன்னாள். அதோடு நான் தப்பித்துக்கொண்டிருக்கலாம். தப்பிக்கப் பிடிக்கவில்லை. டேங்க் பக்கத்தில் சரியாக இருக்கிறது என்று நான் சொன்னது பொய், நடுவில் ஒரு சரணம் இருப்பது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொல்லவில்லை, அந்த மேடை எனக்கு வேண்டியிருந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா போனைக் கட்டிலில் வைத்தாள்.

“வேற யாரையும் கேக்கல” என்றாள். “ஒன்னத்தான கேட்டேன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இந்த வீடியோவைப் போட வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லச் சொன்னாள். அங்கேயே போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பெண் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டு, அழித்துவிடுகிறோம் என்றாள். நல்ல பிள்ளை. போனை வைத்ததும் கிளம்புவதற்கு எழுந்தேன். அக்கா உட்காரச் சொன்னாள்.

நடுவில் அப்படி என்னதான் வருகிறது என்று கேட்டாள். முழுப் பாட்டும் போனிலேயே இருக்கிறது, போடுகிறேன் என்றேன்.

“போன் வேணாம். ஒனக்குத் தெரியும்னு சொன்ன இல்ல, நீ பாடு.”

பாடினேன். ஒரு மேடைக்காக அவளைத் தள்ளிவிட்டவள் கடைசியில் அந்தப் பாட்டைப் பாடியது, தண்ணீர்க் குடங்களும் மடித்து வைத்த பாய்களும் இருந்த அந்த அறையில், அவள் ஒருத்திக்காக. என் குரல் எப்போதோ போய்விட்டது, மேல் ஸ்தாயியில் காற்றுதான் வந்தது. பெண் வளையல் கடையில் உட்காருகிறாள், கடைக்காரன் கையைப் பிடித்து அளவு பார்க்கிறான், பச்சையா சிவப்பா என்று கேட்கிறான், இரண்டும் என்கிறாள். நாலே வரி. முடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

“இவ்ளோதானா?” என்றாள் அக்கா.

அவ்வளவுதான் என்றேன்.

“அன்னிக்கி அந்தச் சாப்பாட்டு டைமுலயே கத்துக்கினு இருப்பேனேடி.”

அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே யோசித்துப் பார்த்து, எவ்வளவு நேரம் பிடித்திருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. அவள் என்னைத் தேற்றவில்லை. காலை மெதுவாக மடக்கிக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மறுபடி பாடு, இந்தத் தடவை மெதுவாகப் பாடு என்றாள். ஒவ்வொரு வரியாக நான் பாடப் பாட, அவள் என் பின்னால் சொல்லிக்கொண்டு வந்தாள். மூன்றாவது வரியில் நான் சுருதி தப்பினேன். அவள் தப்பவில்லை.