முதல் கேள்வி

சமூகப்பணி மாணவர்களைக் களத்துக்கு அனுப்புமுன் எங்கள் துறையில் ஒரு தேர்வு உண்டு. மாற்றுத்திறனாளி ஒருவரிடம் பத்து நிமிடம் பேசி, தாளில் உள்ள பத்துக் கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். நடத்துபவர் துறைத்தலைவி. பிள்ளைகள் வைத்த பெயர் 'கறார் மேடம்'. இருபத்தாறு வருஷமாக அவர் தொண்டை கிழியக் கத்துவது ஒன்றுதான்: சக்கர நாற்காலியைத் தள்ளி வருகிறவரைக் கேட்காதே, அதில் உட்கார்ந்திருப்பவரைக் கேள். பிள்ளைகளோ தள்ளுகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசும். கூட உட்கார்ந்து மதிப்பெண் போடும் எனக்கே அலுத்துவிட்டது. அவரும் இப்போதெல்லாம் முழங்கால் வலியால் உட்கார்ந்துகொண்டுதான் கத்துகிறார்.

தேர்வுக்கு ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் பதினோரு வருஷமாகத் தன் தம்பியையே சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருகிறார். தம்பிக்குப் பிறவியிலேயே கைகால் விறைப்பு. நாக்கும் சொன்னபடி கேட்காது. ஒரு வார்த்தை வெளியே வர ஒன்றரை நிமிடம் பிடிக்கும். வெளியே முப்பது பேர் வரிசையில் நிற்பார்கள். அக்கா கடிகாரத்தைப் பார்ப்பார், மீதி வாக்கியத்தைத் தானே முடித்துக் கொடுப்பார். நானும் தலையாட்டிக்கொண்டு மதிப்பெண் போடுவேன்.

இந்த வருஷம் கடைசியாக வந்தவள், பிள்ளைகள் 'ஆமை' என்று கூப்பிடும் பெண். ஏற்கெனவே ஒரு தடவை நேரம் போதாமல் தோற்றவள். இன்றும் தோற்றால் ஒரு வருஷம் போச்சு. முதல் கேள்வி, இங்கே பேச உங்களுக்குச் சம்மதமா என்பது. எல்லோரும் கேட்காமலே 'ஆம்' என்று எழுதித் தாண்டிவிடுவார்கள். இவள் கேட்டாள்.

"அதெல்லாம் சம்மதம்தான். அடுத்ததுக்குப் போம்மா" என்றார் மேடம்.

"நான் சாரைத்தான் கேட்டேன், மேடம்."

மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். தம்பியின் தாடை இழுத்தது, கழுத்து நரம்பு புடைத்தது. அவள் பேனாவைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"பிடிக்கல" என்றார் தம்பி. மூச்சு வாங்கிக்கொண்டு, "எப்பவுமே... பிடிக்கல. அக்கா... கேட்டதே... இல்ல."

மணி அடித்தது. ஒன்பது கேள்வி காலி. மேடம் தாளை என் பக்கம் தள்ளி, என்னையே போடச் சொன்னார். தேர்ச்சி என்று எழுதினேன். வெட்கமாக இருந்தது, பதினோரு வருஷம் நானும் அந்த அறையில்தான் இருந்திருக்கிறேன்.

மேடம் முழங்கால் வலியோடு தம்பி முன்னால் குனிந்தார்.

"வீட்டுக்குப் போலாமாடா?"

கேட்டுவிட்டு, நாற்காலியின் கைப்பிடியைத் தொடாமல் அப்படியே நின்றார்.