எந்தப் பக்கமும் வடக்கு

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். நாமக்கல்லில் லாரி கிளீனராக ஏறி, ஸ்ரீநகர் வரை ஓட்டி, கடைசியில் ஹூஸ்டனில் சொந்தமாக டயர் கடை போட்டேன். யாரும் கைதூக்கி விடவில்லை. சூலம் பார்க்காமல் வண்டியை எடுக்கமாட்டேன். செவ்வாய், புதனில் வடக்கே கிளம்பியதே இல்லை. ஒரு மடக்குப் பால் குடித்துவிட்டுக் கிளம்பினால் தோஷமில்லை என்பார்கள். அதெல்லாம் வேறு வழியில்லாதவர்களுக்கு என்பேன்.

தொண்ணூற்றேழில் என் மகள் பனியை ஆராயத் தென்துருவம் போயிருந்தாள். பிப்ரவரியில் போன் செய்தாள்.

“அப்பா, செவ்வாக்கிழமை ஃப்ளைட்ல கிளம்பறேன். வியாழக்கிழமை ஒண்ணு வரும், அதுதான் லாஸ்ட்.”

“செவ்வாயா? எந்தப் பக்கம் போவுது?”

சிரித்தாள். “இது சவுத் போல்ப்பா. இங்கேருந்து எந்தப் பக்கம் போனாலும் வடக்குதான்.”

“அப்ப சுத்தமா ஆகாது கண்ணு. வியாழனுக்கு மாத்திக்க.”

“வெதர் மோசமாயிட்டா? அப்புறம் எட்டு மாசத்துக்கு ப்ளேனே கிடையாதுப்பா.”

“முப்பது வருசம் ஒரு ஆக்சிடென்ட் இல்லாம ஓட்டினவன் சொல்றேன்.”

பெருமூச்சு விட்டாள். “ஓகே. சீக்கிரம் போகணும்னு ஒருத்தர் கேட்டுட்டிருந்தார். ஸ்வாப் பண்ணிக்கறேன்.”

செவ்வாய் விமானம் வந்தது, போனது. வியாழனன்று குளிர் திடீரென அதிகமாகிவிட்டது. வந்த விமானம் பாதி வழியிலேயே திரும்பியது. வெள்ளியும் அப்படியே. சனிக்கிழமை கிளம்பவே இல்லை.

“ஏனுங்க பெரிய டிரைவரே! புள்ளைய ஐஸ்ல உக்கார வெச்சுப்போட்டீங்களே!” என்று மனைவி அழுதாள்.

எங்கள் வீட்டில் மகள் விட்டுப்போன புத்தகத்தை எடுத்தேன். பனிக்கண்டத்தின் மேல் முதன்முதலில் பறந்தவர்களின் படங்கள். ஒரு படத்தில் ஒருவன் இஞ்சின் எண்ணெயை டின்னில் பிடித்து அடுப்பில் சூடாக்கிக்கொண்டிருந்தான். “இதே வேலைய நான் காஷ்மீர்ல பண்ணியிருக்கேன். அவனுக்கு புஸ்தகம் போட்டாங்க, எனக்கு யாரு போட்டா?” என்று முன்பு அவளிடம் பீற்றிக்கொண்ட படம்தான். குளிரில் எண்ணெய் தார் மாதிரி ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியும். அடுத்த பக்கத்தில் இறக்கை வரை பனியில் புதைந்த விமானம். புத்தகத்தை மூடிவிட்டேன்.

கடையில் ஒரே சக்கரத்தின் நட்டை மூன்று முறை முறுக்கினேன். “அங்கிள், போதும், உடைஞ்சிரப்போகுது” என்றார் காரைக் கொண்டுவந்த நம்மூர்க்காரர்.

கடைசியில் போன் வந்தது.

“நாளைக்குக் கொஞ்சம் குளிர் குறையுமாம்ப்பா. இதுதான் ஃபைனல் ட்ரை. விட்டா, நான் அக்டோபர்லதான் வருவேன்.”

“நாளைக்கு என்ன கிழமை?”

“செவ்வாய். என்னப்பா, ஏறட்டுமா, வேண்டாமா?”

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்க பால் இருக்குதா?”

“பவுடர் பால்தான்.”

“கலக்கி ஒரு மடக்குக் குடி. முதல் ஆளா ஏறு சாமி.”

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். நியூசிலாந்திலிருந்து அவள் கூப்பிட்டபோது முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

“வந்துட்டேன்ப்பா!”

“பால் குடிச்சியா?”

“டைம் ஏதுப்பா? இஞ்சின நிறுத்தினா உறைஞ்சிரும்னு ஓடவிட்டுட்டே நின்னாங்க. ஓடிப்போய் ஏறிட்டேன்.”

நல்லவேளை, அவளுக்காக இங்கே நான் ஒரு டம்ளர் குடித்து வைத்திருந்தேன்.