கோட்டுப் போட்ட போன்

துணியில் கத்திரி பாதி ஓடிக்கொண்டிருக்கும்போதே எங்கள் கட்டிங் மாஸ்டர் கையை நிறுத்திவிடுவார். கத்திரியைத் துணியின் வாயிலேயே விட்டுவிட்டு, நாலே எட்டில் சுவரோரம் போய் போனிலிருந்து சார்ஜரைப் பிடுங்குவார். சார்ஜ் எழுபத்தொன்பது சதவீதம். எண்பதைத் தொட விடமாட்டார். "வயிறு முட்டத் தின்னா அதுக்கும் ஆகாதும்மா" என்பார். இருபதுக்குக் கீழே இறங்கவும் கூடாது. அது பட்டினியாம்.

நிறைய ஏற்றி வைத்தாலும், அடியோடு இறங்கவிட்டாலும் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் இவர் செய்கிற பணிவிடைக்கு பேட்டரியே கூச்சப்படும். திரை வெளிச்சத்தை ஆகக் குறைத்து வைத்திருப்பதால் கூப்பிடுவது யார் என்று தெரியாது. வெட்டு மேசைக்கு அடியில் தவழ்ந்து போய் இருட்டில் பார்ப்பார். அளவு கொடுக்க வருகிறவர்களைப் பல நாள் வரவேற்பது அவருடைய இரண்டு கால்கள்தான். பேசினால் சூடாகும் என்று அடுத்தவர் போனில்தான் பேசுவார். அவர் மனைவி இப்போதெல்லாம் நேராக எனக்கே கூப்பிடுகிறார். பொத்தான் தைக்கிற எனக்கு அவர்கள் வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பதுகூடத் தெரியும்.

இத்தனையும் மீசைக்காக. போன் வாங்கிய அன்று, போன் ரிப்பேர் பார்க்கிற அவர் மச்சினன், புதிதில் நூறு பங்கு பிடிக்கிற பேட்டரி இரண்டு வருடத்தில் எண்பத்தைந்து பங்குகூடப் பிடிக்காது என்று சொல்லிவிட்டார். மாஸ்டருக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்படி ஆனால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். முப்பது வருட மீசை. அதில் சாக்பீஸ் தூள் படிந்தால் தட்டிவிடத் தனி பிரஷ் வைத்திருக்கிறார்.

போன புதன்கிழமையோடு கெடு முடிந்தது. மத்தியானம் மச்சினன் வந்தார். மாஸ்டர் சார்ஜரைக் கழற்றி, போனைப் பெருமையாக மேசையில் வைத்தார், அதன் கோட்டோடு. அவரே தைத்த கோட்டு. வெளியே கம்பளித் துணி, நடுவில் பஞ்சு, உள்ளே வழவழவென்று லைனிங், கழுத்துக்குக் காலர். பக்கத்து அயர்ன் பெட்டியின் சூடு தாக்கக்கூடாது என்று சார்ஜ் ஏறும்போதும் அதைக் கழற்றமாட்டார். அடிக்கடி கோட்டைத் தடவிப் பார்த்து, குளுகுளுவென்று இருப்பதாகச் சொல்லிக்கொள்வார்.

மச்சினன் கோட்டுக்குள் விரலை விட்டு வெடுக்கென்று எடுத்தார்.

"மாமா, நீங்க தொட்டது கோட்டை. உள்ள போன் வெந்துக்கிட்டு இருக்கு. வெளிச்சூடு உள்ள போகாதுன்னா, உள்சூடு எப்படி வெளிய வரும்?"

"காலர் வழியா வரும்னு நெனச்சேன் மாப்ளே."

கோட்டைக் கழற்றி, மாஸ்டரின் முகத்தைக் காட்டிப் போனைத் திறந்து, பேட்டரியின் பலத்தைப் பார்த்தார்கள். எண்பத்துமூன்று. யாரும் சிரிக்கவில்லை. மிஷின்காரர்கள் துணியே வைக்காமல் வேகமாக மிதித்தார்கள்.

மச்சினனே இரங்கி, விளையாட்டுக்குச் சொன்னதுதானே, விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தார். மாஸ்டர் கேட்கவில்லை. அளவு பார்க்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் ஒரு சைஸ் குறைந்திருந்தது.

என் போன் அடித்தது. அவர் மனைவிதான். நான் சொன்ன விஷயத்தை ஒன்றுக்கு இரண்டு முறை கேட்டுக்கொண்டார். பிறகு, "ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லும்மா. அவர் போன்லயே" என்றார்.

மாஸ்டர் போனைத் தூக்கி முகத்தைக் காட்டினார். திறக்கவில்லை. வெளிச்சத்துக்கு வந்து காட்டினார். திறக்கவில்லை. நம்பர் போட்டும் திறக்கலாம்தான். இரண்டு வருடமாக முகத்தையே காட்டி வந்ததில் நம்பர் மறந்துவிட்டது.

"ஆள் தெரியலைங்குது" என்றார் மெதுவாக.

மேசையடியில் கிடந்த வெட்டுத் துண்டுகளில் கறுப்பு லைனிங் ஒன்றைப் பொறுக்கினார். கத்திரியை எடுத்து இரண்டு பக்கமும் வளைவு வெட்டினார். அதை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, விறைப்பாக நின்று, மறுபடி போனுக்கு முகத்தைக் காட்டினார்.